பெல் பலகையில் ஒரு பெயர்

பிராக் நகரத்தில் ஒரு வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் முதலில் பெயர்களைப் படிக்க வேண்டும். அடுக்குமாடிக் கட்டடத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பலகை இருக்கும். அதில் வரிசையாகப் பொத்தான்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குடும்பப் பெயர். யாரைப் பார்க்க வந்தோமோ அவர் பெயரைத் தேடிப் பிடித்து அழுத்தினால் மேலே அவர் வீட்டில் மணி அடிக்கும். முதல் முறை அப்படியொரு பலகை முன்னால் நின்றபோது எனக்கு வியர்த்துவிட்டது. நவம்பர் குளிரில் வியர்த்தது என்றால் நம்ப மாட்டீர்கள். அறுபது எழுபது குடும்பங்கள் தங்கள் பெயரைத் தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் படிக்கும்படி ஒட்டிவைத்திருக்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் பயமே கிடையாதா என்றுதான் தோன்றியது.

ஏன் அப்படித் தோன்றியது என்பது ஊரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும். அதிலும் எல்லாருக்கும் தெரியாது, எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். என் பெயர் பிரபு. அப்பா பெயர் ஏழுமலை. காஞ்சிபுரத்தை அடுத்த மாகறலுக்குப் பக்கத்தில் ஊர் முடிந்து வயல் தாண்டி இருக்கிற காலனி எங்களுடையது. ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் மெஷின் மெயின்டனன்ஸ் பார்த்தேன். பிறகு ஒரு ஏஜென்சி மூலமாக இங்கே, பிராக்கின் வெளிவிளிம்பில் உதிரிபாகம் செய்கிற ஒரு ஃபேக்டரிக்கு வந்து சேர்ந்தேன். தங்குவதற்குக் கம்பெனியே ஓர் இடம் கொடுத்தது. உபிடோவ்னா என்பார்கள். தொழிலாளர் விடுதி. ஓர் அறைக்கு நான்கு கட்டில், மாடிக்கு ஒரு சமையலறை. தனி ஆளுக்கு அது போதும். மனைவியையும் பிள்ளையையும் அங்கே கூட்டிவர முடியாது.

கலாவும் யாழினியும் வருவதற்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது. எனக்கு வீடு கொடுக்கிறவர், அந்த வீட்டில் இன்னின்னார் தங்கலாம் என்று பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது அவருடைய கையெழுத்துதான் என்று தபால் நிலையத்தில் முத்திரை வைக்க வேண்டும். அந்தக் காகிதத்தோடு அவர்கள் தில்லியில் தூதரகத்துக்குப் போக வேண்டும். தில்லியில் தேதி கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்திருந்தது. அந்தத் தேதிக்கு இன்னும் ஆறு வாரம். காகிதம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அடுத்த தேதி எப்போது என்று யாருக்கும் தெரியாது. யாழினியை மூன்று வயதில் விட்டுவிட்டு வந்தேன். நாலு முடியப்போகிறது. வீடியோவில் என்னைப் பார்த்து, "அப்பா, நீ போன்லயே இருக்குறியா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தாள்.

பிராக் என்றால் படத்தில் பார்த்திருப்பீர்கள். கல் பாலம், மலைமேல் கோட்டை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோபுரம். அந்தப் பழைய நகரத்தில் வீடு கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அங்கே பாதி வீடுகள் இரண்டு நாள் மூன்று நாள் தங்கிப் போகிற சுற்றுலாக்காரர்களுக்கு. காஞ்சிபுரத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? கோயிலைச் சுற்றி லாட்ஜும் பட்டுக்கடையும். கோபுரம் பார்க்க வருகிறவனுக்கு ஏசி ரூம் உண்டு, அந்த லாட்ஜில் துணி துவைக்கிறவன் காலையில் வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து வருவான். எனக்குக் கட்டுப்படியாகும் வாடகை மெட்ரோவின் கடைசி ஸ்டேஷன்களில்தான் தொடங்கியது. அங்கே பானெலாக் என்று சொல்கிற கான்கிரீட் கட்டடங்கள் இருக்கின்றன. எட்டு மாடி, பன்னிரண்டு மாடி, எல்லாம் ஒரே அச்சு.

தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் விளம்பரங்களைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தேன். பதில் வராது. பதில் வந்தால், நான் எந்த நாடு என்று சொன்னதும் வீடு போய்விட்டது என்பார்கள். மறுநாளும் அதே விளம்பரம் அங்கேயே இருக்கும். என்னோடு வேலை செய்கிற பாவெல் என்கிற செக் நாட்டுக்காரன் என் மேல் இரக்கப்பட்டு எனக்காக ஃபோன் செய்யத் தொடங்கினான். "உன் ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. பயந்துகொண்டே பேசுகிறாய், அதுதான் குறை" என்றான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டான்.

அந்தப் பயத்தை நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டேன். என்னை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு வெறி. வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மனிதர், காஞ்சிபுரத்தில் வீடு எடுப்பதென்று முடிவு செய்தார். சின்ன காஞ்சிபுரத்தில் நானும் அவரும் சைக்கிளில் தெருத் தெருவாகப் போனோம். எல்லா வீட்டிலும் வாடகைக்கு முன்னால் ஒரு கேள்வி வரும். "நீங்க இன்னா ஆளுங்க?" சில பேர் நாசூக்காக, "மாகறல்ல எந்தத் தெரு?" என்பார்கள். எல்லாம் ஒரே கேள்விதான். நான்காவது நாள் அப்பா பதிலை மாற்றினார். "கோயில் பக்கம்மா, கோயிலுக்குப் பின்னாடி" என்றார். கோயிலுக்குப் பின்னால் ஒரு மைல் போனால் எங்கள் காலனிதான், அதனால் அது பொய்யும் இல்லை. வீடு கிடைத்தது. திரும்பி வரும் வழியில் சைக்கிளை மிதித்துக்கொண்டே சொன்னார்: "மொதல்ல உள்ள போயிடணும்டா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும், அதுலயும் பாதி. மீதிய அப்பறம் பாத்துக்கலாம்."

அந்த வீட்டில் பதினோரு மாதம் இருந்தோம். கருவாடு வறுக்க மாட்டோம், கறி எடுக்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு திரும்புவோம். சொந்தக்காரர்கள் வந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே பார்த்துப் பேசி அனுப்பிவிடுவோம். பக்கத்துப் போர்ஷனில் தறி ஓடிக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தத்தில்கூட அம்மா மெதுவாகத்தான் பேசுவாள். வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. எனக்குப் பரீட்சை என்றால் டீ போட்டுக் கொடுப்பார். ஒரு நாள் நாங்கள் வெளியே போயிருந்த நேரத்தில் எங்கள் மாமா தன் பெண்ணுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்துவிட்டார். பூட்டிய கதவைப் பார்த்ததும், மரியாதையாக வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு பத்திரிகை கொடுத்து, எங்களுடையதையும் அவரிடமே விட்டுப் போனார். முகப்பில் நீலக் கோட்டுப் போட்ட தலைவர் படம், உள்ளே காலனி விலாசம், உறவுமுறை எல்லாருடைய பெயரும். அந்த அம்மா திட்டவில்லை, முகம்கூடக் கோணவில்லை. நாலு நாள் கழித்து, "எங்க பொண்ணு வருதுப்பா ஊர்ல இருந்து, போர்ஷன் வேணும்" என்றார். மாசக் கடைசியில் காலி செய்தோம். எந்தப் பெண்ணும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே வாசலில் "வீடு வாடகைக்கு" என்ற அட்டை தொங்கியதைப் பஸ்ஸிலிருந்து நானே பார்த்தேன். அப்பா அதற்குப் பிறகு டவுனில் வீடு தேடவே இல்லை. நான் தினமும் மாகறலிலிருந்து பஸ்ஸில் போய்ப் படித்து முடித்தேன்.

இப்போது பிராக்குக்கு வருவோம். ஒரு வியாழக்கிழமை பாவெல் ஓடிவந்து ஒரு வீடு இருக்கிறது என்றான். ஹாயே என்கிற கடைசி ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை, ஆறாவது மாடி, ஒரு படுக்கையறை, வாடகை என் கைக்கு எட்டுகிற அளவு. வீட்டுக்காரர் பானி நோவோட்னா. பானி என்றால் இங்கே அம்மா என்பது போல. ஓய்வு பெற்றவர், அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறார். அந்த வீடு இறந்துபோன அக்காவுடையது. மறுநாளே பாவெலையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த உடனே முதல் கோணல். ஒரகடத்தில் ஏஜென்சி எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்திருந்தது. ஐரோப்பாவில் வீட்டுக்குள் ஷூவைக் கழற்றாதீர்கள், அது அநாகரிகம் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, அந்த அம்மாவின் கம்பளத்தின் மேல் கம்பீரமாக ஏறி நின்றேன். அவர் என் காலைப் பார்த்து "போட்டி!" என்று ஒரு சத்தம் போட்டார். ஷூ என்று அர்த்தம். திரும்பிப் பார்த்தால் பாவெல் வாசலிலேயே கழற்றிவிட்டுச் சாக்ஸோடு நிற்கிறான். செக் நாட்டில் வீட்டுக்குள் யாரும் ஷூ போடுவதில்லையாம். தெருவுக்கு நாலு கோயில் இருக்கிற ஊரிலிருந்து வந்தவன், செருப்பைக் கழற்றத் தெரியாதவன் என்று திட்டு வாங்கினேன். அந்த வகுப்பு எடுத்தவன் மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால்!

அந்தக் கலக்கத்திலேயே கேள்விகள் வந்தன. அவர் செக் மொழியில் கேட்க, பாவெல் ஆங்கிலத்தில் சொல்ல, நான் பதில் சொன்னேன். எத்தனை பேர் தங்குவீர்கள்? ஒருவன்தான். சமைப்பீர்களா? இல்லை, கேன்டீனில் சாப்பிடுவேன், வீட்டில் ரொட்டிதான். ஆட்கள் வருவார்களா? யாரும் வர மாட்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அந்த அம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது எனக்குத் தெரிந்தது. போதாது போலிருக்கிறது, இன்னும் குறைத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் புத்தி போனது. கடைசியாகக் கேட்டார்: குடும்பம்? பாவெல் அதைக் கேட்கும்போதே சிரித்தான். யாழினியின் படத்தை அவனுக்கு எத்தனை தரம் காட்டியிருப்பேன்! நான் சொன்னேன்: "இல்லை. யாரும் இல்லை." முதலில் உள்ளே போய்விட வேண்டும், மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பாவெல் ஒரு கணம் என்னையே பார்த்தான். பிறகு மொழிபெயர்த்துவிட்டான்.

அன்றைக்கே பதில் வந்தது. கொடுக்க முடியாது. பாவெல் கோபத்தோடு அதைச் சொன்னான். "மனைவி இல்லை, பிள்ளை இல்லை, சமைப்பதில்லை, ஒருவரும் தேடி வர மாட்டார்கள் என்று ஓர் ஆள் சொன்னால் யார் வீடு கொடுப்பார்கள்? ஒன்று பொய் சொல்கிறான், இல்லையென்றால் உள்ளே வந்ததும் பத்துக் கட்டில் போட்டு விடுதி நடத்துவான் என்று பயப்படுகிறாள். குடும்பம் வேண்டும் என்றுதான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். ஏன் அப்படிச் சொன்னாய்?" என்ன சொல்வேன்? சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் தொடங்க வேண்டும். மெஷின் சத்தத்துக்கு நடுவில் அது நடக்கிற காரியமா? பழக்கம் என்று மட்டும் சொன்னேன்.

கலாவிடம் மறைக்க முடியவில்லை. வீடியோவில் எல்லாவற்றையும் கேட்டாள்.

"எங்கள இல்லன்னா சொன்னீங்க?"

"வீட்டுக்காகத்தான் கலா."

"புள்ளைய இல்லன்னு சொல்ல வாய் வந்துச்சா உங்களுக்கு?"

பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அவன் சொன்னதுதாம்மா சரி. எல்லாத்தையும் சொல்லிக்கினு இருந்தா எவன் குடுப்பான் வீடு?"

"நீங்க சும்மா இருங்க மாமா. குடுத்தானா? இல்லன்னு சொல்லியும் குடுக்கலியே!" பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னாங்க, நேரா போங்க. எனக்குப் பொண்டாட்டி இருக்குது, புள்ள இருக்குதுன்னு சொல்லுங்க. நம்பலன்னா போன் போடுங்க, நான் பேசுறேன்."

வெட்கமாக இருந்தது. அந்த அம்மாவிடம் போக வேண்டுமே என்பதைவிட, கலா அழாமல் பேசியது அதிகமாகச் சுட்டது. தில்லித் தேதிக்கு நான்கு வாரம்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை பாவெல் இல்லாமல் தனியாகப் போனேன். மெட்ரோவில் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். பலகையில் நோவோட்னா என்ற பெயரைத் தேடி அழுத்தினேன். பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் ஏதோ கேட்டது. வணக்கம் சொல்ல மறந்துபோய், "மாம் ஷெனு ஆ த்செரு" என்றேன். எனக்கு மனைவியும் மகளும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போச்சு, கதை முடிந்தது என்று நினைத்தேன். தெருவில் ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். அப்புறம் கதவு ர்ர்ர் என்று திறந்தது.

இரண்டாவது மாடியில் ஷூவை வாசலுக்கு வெளியிலேயே கழற்றினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஒரு ஜோடித் துணிச் செருப்பை என் பக்கம் தள்ளினார். நான் கலாவுக்கு வீடியோ போட்டேன். ஊரில் மதியச் சமையல் நேரம். திரையில் முதலில் யாழினியின் மூக்கு வந்தது, பிறகு அடுப்பு, பிறகு கலா. பானி நோவோட்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபோனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். யாழினி கையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார். அப்புறம் அடுப்பைக் காட்டி ஏதோ கேட்டார். என்ன சமையல் என்றுதான் இருக்க வேண்டும். கலா கொஞ்சமும் யோசிக்காமல் சட்டியைத் தூக்கிக் காமிராவுக்கு நேராகக் காட்டினாள்.

"கருவாடும்மா! கருவாட்டுக் கொழம்பு!"

எனக்கு உயிரே போய்விட்டது. உலகத்தில் வேறு குழம்பே இல்லையா? பதினோரு மாதம் ஒரு வீட்டில் நாங்கள் வறுக்காத கருவாடு, அந்த அம்மாவின் கண்ணாடியில் கொதித்துக்கொண்டிருந்தது. "ரிபா?" என்று என்னைக் கேட்டார். மீனா என்று. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்து லிஃப்டில் ஆறாவது மாடிக்குக் கூட்டிப்போனார். சமையலறை ஜன்னலைத் திறந்து காட்டினார், மூடினார், மறுபடி திறந்தார். "ஓக்னோ" என்றார். ஜன்னல். மீன் சமைத்தால் ஜன்னலைத் திறக்க வேண்டும். கருவாட்டுக்கு அவர் போட்ட நிபந்தனை அவ்வளவுதான்.

உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. அவருடைய ஃபோனில் செக் மொழியில் பேசினால் ஆங்கிலத்தில் சொல்கிற ஒரு வசதி இருந்தது. அதன் வழியாகச் சொன்னார்: மூன்று பேர், அதற்கு மேல் ஒருவர்கூடக் கூடாது. வாசலில் எத்தனை ஜோடி ஷூ இருக்கிறது என்று எண்ணுவேன். ஒரு வருடத்துக்குத்தான் ஒப்பந்தம். காகிதத்தைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன், செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத் தபால் நிலையத்துக்கு வாருங்கள். அந்த மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனம் மாறிவிடும், யாராவது எதையாவது சொல்லிவிடுவார்கள் என்றே நினைப்பு. பாவெல்கூட, "அவள் வரக் கூடாது என்று நீயே ஆசைப்படுகிறாய் போலிருக்கிறது" என்று கேலி செய்தான்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றேகால் வரை வரவில்லை. நான் எடுத்த டோக்கன் எண் திரையில் வந்து போய்விட்டது. இன்னொரு டோக்கன் எடுத்தேன். பதினொன்று நாற்பதுக்குக் கையில் ஒரு துணிப் பையோடு வந்தார், பஸ் தாமதம் என்று சைகை காட்டினார். பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தை மடியில் வைத்து, பேனாவைத் திறந்து, என் பாஸ்போர்ட்டையும் அவர்கள் பாஸ்போர்ட் நகலையும் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் பெயர்களை எழுதினார். எனக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. அதனால் இந்த நாட்டில் நான் மிஸ்டர் ஏழுமலை. மனைவியை ஏழுமலையோவா என்று எழுத வேண்டுமா என்று அவர் நிஜமாகவே கேட்டார். இங்கே பெண்கள் பெயருக்கு அப்படி ஒரு வால் உண்டு. இரண்டு பேரும் சிரித்தோம். நான் இந்த ஊரில் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர் ஃபோனை எடுத்து, குரலைத் தாழ்த்தி, ஏதோ சொன்னார். ஃபோன் எல்லாரும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னது: உங்களுக்கு முந்தின வாரம் ஒரு குடும்பம் வந்தது. மூன்று பிள்ளைகள். ரோமா ஆட்கள். நான் கொடுக்கவில்லை. என் தங்கை மகள் வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்குப் புரியும், நீங்கள் நல்ல குடும்பம்.

ஜிப்சி என்று வெளியார் சொல்கிற ரோமாக்கள் இந்த நாட்டிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்கள், இவர்கள் மொழியையே பேசுகிறவர்கள். எங்கள் ஃபேக்டரியில் அவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட மாட்டேன் என்கிற ஆட்கள் உண்டு. அதை நான் பார்த்திருக்கிறேன், எனக்கென்ன என்று இருந்திருக்கிறேன். இப்போது அந்த அம்மா எனக்குப் புரியும் என்கிறார். புரியாமலா போகும்? தங்கை மகள் வருகிறாள். எங்க பொண்ணு வருதுப்பா, போர்ஷன் வேணும். கண்டம் தாண்டி வந்தும் அதே வார்த்தை, அதே சாதாரண முகம். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பேனா அவர் கையில் மூடாமல் இருந்தது. யாழினியின் பெயருக்குக் கீழே கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. "ஆனோ" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். அவர் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது.

கலாவும் யாழினியும் போன மாதம் வந்துவிட்டார்கள். வாசலில் மூன்று ஜோடி ஷூ இருக்கிறது, பானி நோவோட்னா மேலே வரும்போதெல்லாம் குனிந்து பார்க்கிறார். யாழினிக்குக் கடையில் வாங்கிய கேக்கைக் கொண்டுவந்து கொடுக்கிறார். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுத்தான் கலா குழம்பு வைக்கிறாள். இருந்தாலும் மணி அடித்தால் நான் முதலில் ஓடிப் போய் அடுப்பை அணைக்கிறேன். கலா முறைக்கிறாள். இது போகாது போலிருக்கிறது. சில நாள் கீழே பெயர்ப் பலகை முன்னால் நிற்கும்போது, அந்த மூன்று பிள்ளைகளோடு வந்தவர்கள் இப்போது எந்தக் கடைசி ஸ்டேஷனில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு வருகிறது. லிஃப்ட் வந்தால் ஏறிப் போய்விடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோவில் வந்தார். வீட்டை எல்லாம் காட்டிய பிறகு கீழே இறங்கிப் போய், வாசலில் இருக்கிற பலகையைக் காட்டினேன்.

"இதுல ஒம் பேரு போட்டுக்கீதா?"

"ஒம் பேருப்பா. ஏழுமலைன்னு."

அப்பா திரைக்குக் கிட்டே வந்தார். அவருக்கு ஆங்கில எழுத்து படிக்கத் தெரியாது. "ஏன்டா எம் பேரப் போட்ட? வெளிலயே போட்டு வெச்சிக்கிறியே, வர்றவன் போறவன் பாப்பான்ல?"

"பாக்கட்டும்பா."

"ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலியா? நாம இன்னா ஆளுங்கன்னு?"

"நம்மளக் கேக்கலப்பா."

அவருக்கு அது போதுமாக இருந்தது. "எதுடா எம் பேரு, நல்லா காட்டு" என்றார். நான் ஃபோனைப் பலகைக்குக் கிட்டே கொண்டுபோனேன். மூன்று பிள்ளைகளோடு முதலில் வந்தவர்கள் பெயர்தான் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதை அவரிடம் சொல்லவில்லை. மற்றப் பெயர்களுக்கு நடுவில் அப்பாவின் பெயர் எது என்று தெரிகிற மாதிரி, அதன் கீழே விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.